மீளமைப்பும் வாய்மையும்

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டுக்கொண்டே வருமாயின், எந்நிலையில் அது வேறொரு பொருளாகிவிடுகின்றது? இது மெய்யியலாளரின் வெறும் மதிவிளையாட்டன்று. 1990ஆம் ஆண்டில் இலண்டன் உயர் நீதிமன்றம் இவ்வினாவுக்கு விடை காண வேண்டியதாயிற்று. வழக்குக்குரிய பொருள் ஒரு பந்தயக் கார்.

‘ஓல்ட் நம்பர் வன்’ எனப் பெயர்பெற்ற அந்தப் பென்ற்லிக் கார், பிரான்சின் லு மான் நகரில் நடைபெறும் 24 மணிநேரப் பந்தயத்தில் 1929இலும் 1930இலும் வெற்றியீட்டியது. பந்தயக் கார் வென்ற கோலத்திலேயே பேணப்படுவதன்று. அடுத்த போட்டிக்காக அதன் உறுப்புகள் மாற்றப்பட்டுக்கொண்டே இருக்கும். 1932இல், 8 லீற்றர் எஞ்சின் பூட்டப்பெற்று இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் ஓடியபோது, அது பாதையின் விளிம்பைத் தாண்டி வீழ்ந்தது. சாரதி கிளைவ் டன்பீ உயிரிழந்தார். பின்னர் அது வீதியில் ஓடும் காராக மறுபடி கட்டப்பட்டது. 1990இல் அதனை 1 கோடி பவுண் பெறுமதிக்கு வாங்க உடன்பட்ட தரப்பினர், அது உண்மையான பழைய கார் அன்றெனக் கூறிப் பின்வாங்கினர். வென்ற காரின் உறுப்புகளில் எஞ்சியிருந்தவை மிகச் சிலவே என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆயினும், அது எக்காலத்திலும் அழிந்தொழியவில்லை, அதன் வரலாறு அறுபடவில்லை எனக் கண்டு, அதுவே அந்தக் கார் எனத் தீர்ப்பளித்தார்.

தொடர்ச்சியே தனித்துவம் என்னும் இக்கொள்கைக்குத் தடையில்லாமல் இல்லை. பழைய கப்பலிலிருந்து கழற்றிய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது பழைய கப்பல் என்று ஹொப்ஸ் வினவினார். பழைய எஞ்சின் ஓரிடத்திலும் அடிச்சட்டம் வேறோரிடத்திலும் இருக்குமாயின், ஒரே பெயருக்கு இரு கார்கள் உரிமை கோரலாம். பாளி நூலாகிய ‘மிலிந்தபஞ்ஹ’வில் நாகசேனர், ஏர்க்காலோ அச்சோ சக்கரமோ தேர் ஆகாது, இவற்றின் சேர்க்கையைப் பற்றி எழும் வழக்கே தேர் என்னும் பெயர் என்கிறார். அவ்வாறாயின், பெயர் உலோகத்துள் மறைந்திருப்பதன்று. மாந்தர் ஒருவர்மீது ஒருவர் வைக்கும் நம்பிக்கையில் நிலைபெறுவது. இங்கேதான் மெய்யியல் வினா அறவியல் வினாவாகின்றது.

தேய்ந்த தடுப்பை மாற்றுதல் குற்றமன்று. ஓடவேண்டிய பொறியைச் சிதைவாகவே விட்டுவைத்தல் அதற்குச் செய்யும் மரியாதையுமன்று. புதிய உலோகத்திற் பழைய இலக்கத்தைப் பொறித்துப் பழமைபோற் காட்டுதலே வஞ்சனை. அதனினும் நுண்ணியதொரு பொய்ம்மையும் உண்டு. அக்காருக்கு 1929ஆம் ஆண்டுக் கோலத்தை மட்டும் மீட்டளித்தால், வெற்றி கண்முன் நிற்கும். 1932இன் மரணமோ மறைந்துபோகும். ஒவ்வோர் உறுப்பும் பிழையின்றி அமைந்திருக்கலாம்; எனினும் முழுமை எதனையோ சொல்லாது விடுகின்றது.

நினைவுச்சின்னங்கள் பற்றிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்குமிடத்தில் மீளமைப்பு நிற்கவேண்டும் என்றும், புதிதாகச் சேர்ப்பவை பழையவற்றினின்றும் வேறுபட்டுத் தோன்றவேண்டும் என்றும் விதிக்கின்றது. கட்டடங்களுக்குக் கூறப்பட்ட இவ்விதி பொறிகளுக்கும் பொருந்தும். மீளமைப்பவன் பொறியை ஓடச்செய்யட்டும். ஆனால் எது பழையது, எது தன் கைவேலை, எந்த ஆண்டுகள் நீக்கப்பட்டன என்பவற்றை எழுதிவைக்கட்டும். இறந்தகாலம் தனக்காக வாதாட மாட்டாது. ஆகவே அதன் சார்பிற் பேசுபவனுக்கு, கைத்திறனிலும் வாய்மையே முதற்கடன் ஆகும்.