செவிலியின் மகன்

இராஜஸ்தானத்து உதயபூரைக் காணச் செல்வோர் மாலை வேளையிற் பிச்சோலா ஏரிக்கரையிலே நிற்பர். ஆரவல்லி மலைகள் சூழ, நீரின் நடுவே ஜக் நிவாஸ் என்னும் வெண்மாளிகை மிதப்பதுபோலத் தோன்றும். மகாராணா இரண்டாம் ஜகத் சிங் 1746இல் கட்டி முடித்த இன்ப மாளிகை அது; 1963 முதல் ஆடம்பர விடுதியாக இயங்குகின்றது. அன்று அரசனின் விருந்தினர் நுழைந்தனர். இன்று பணமுடையோர் நுழைகின்றனர். அதன் அழகை மறுப்பதற்கில்லை. ஆயினும், வியப்போடு நமது கடமை முடிந்துவிடுகின்றதா? இவ்வினாவை அந்நகரின் பெயரே நம்முன் வைக்கின்றது.

பெயர் தந்தவன் இரண்டாம் உதய சிங். 1559இல் அவன் நிறுவிய நகர், 1568இல் சித்தூர்க் கோட்டை அக்பரிடம் வீழ்ந்தபின் மேவாரின் தலைநகராக நிலைபெற்றது. அவன் உயிர் பிழைத்த கதையை மேவாரில் அறியாதார் இலர். 1536இல் பன்வீர் என்பான் அரசனாயிருந்த விக்கிரமாதித்தனைக் கொன்று, சிறுவனான உதய சிங்கையும் கொல்ல வாளோடு வந்தான். செவிலித்தாய் பன்னா இளவரசனைக் கூடையொன்றில் மறைத்து, எச்சிலிலை அகற்றும் பணியாளன் ஒருவன் வாயிலாக வெளியே அனுப்பினாள். வெறுமையான படுக்கையிலே தன் மகனைக் கிடத்தினாள். வாள் அம்மகன்மீது வீழ்ந்தது. சந்தன் என்பது அவன் பெயர் என மரபு கூறும்.

பன்னாவின் செயல் தியாகத்தின் சிகரமென நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்டு வருகின்றது. நாம் அதனை எவ்வாறு மதிப்பிடுவது?

அவளை அடிமை மனத்தினள் என இகழ்வது எளிது, நேர்மையன்று. கொலைவாள் வாயிலில் நிற்கையில் அவள் முன்னிருந்த வழிகளை வகுத்தவள் அவளல்லள். எனினும், அவளிடத்து நாம் கொள்ளும் இரக்கம் வேறு, அச்செயலை அறமென விதிப்பது வேறு. தன்னுயிரை ஈவது தியாகம். உறங்கும் குழந்தையின் உயிரை ஈவதற்கு அச்சொல் பொருந்துமா? சந்தனை எவரும் கேட்கவில்லை. இளவரசன் இறந்திருந்தால் நாடே கொடுங்கோலனிடம் சிக்கியிருக்கும் எனச் சிலர் வாதிடுவர். அவ்வாறாயின், ஒரு நாட்டின் நலம் ஒரு குடும்பத்தின் குருதியிலே தங்கியிருக்குமாறு அமைத்தது யார்? குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியது பன்னா அல்லள். இரு குழந்தைகளின் உயிரைப் பிறப்பால் எடை போட்ட அமைப்பே ஆகும். அவளைப் புகழும் குரல், பெரும்பாலும், அவ்வமைப்பைத் தப்பவைக்கும் குரலாகவே இருந்து வந்துள்ளது.

விசுவாசமே பணியாளனின் அறம் என்னும் கொள்கையை மேவாரின் மக்களே பிற்காலத்தில் மறுத்தனர். 1897இல் பிஜோலியா ஜாகீரின் உழவர்கள் வரிச்சுமையை மகாராணாவிடம் முறையிட்டனர். 1903இல் மகளின் திருமணத்திற்கும் வரி விதிக்கப்பட்டது. பின்னர் விஜய் சிங் பதிக்கின் தலைமையில் அவர்கள் வரி கொடுக்க மறுத்துப் போராடினர். அப்போராட்டம் 1941 வரை நீண்டது. மேவாரின் அரச சின்னத்திலே சூரியனுக்கு ஒருபுறம் இராஜபுத்திர வீரனும் மறுபுறம் பீல் வீரனும் சமமாக நிற்கின்றனர். ஆனால் 1921இல் மோதிலால் தேஜாவத்தின் தலைமையில் அந்தப் பீல் மக்களே கூலியற்ற கட்டாய உழைப்புக்கும் வரிகளுக்கும் எதிராகத் திரள வேண்டியிருந்தது. சின்னத்திற் கிடைத்த இடம் வாழ்விற் கிடைக்கவில்லை.

ஆகவே ஏரியைக் காணவேண்டாம் என நாம் கூறவில்லை. பிச்சோலாவுக்கு முதன்முதல் அணையிட்டவன் தானியம் ஏற்றிச்செல்லும் பஞ்சாரா வணிகன் ஒருவன் என்பதே வழிவழிச் செய்தி. அரசர் பின்னர் அதனை விரிவாக்கினர். மண் சுமந்தோரும் கல் செதுக்கியோரும் நமக்கு விட்டுச்சென்ற அழகை அரசர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு நாம் முகந்திருப்புவானேன்? அவ்வழகு அவர்களுடையது, எனவே நம்முடையதுமாகும்.

வகுப்பறையிற் பன்னாவின் கதையைச் சொல்லும் ஆசிரியர் அதைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லி முடித்ததும், “தாய் பெரியவளா?” என்று மட்டும் கேட்டு நின்றுவிடலாகாது. “எந்தத் தாயும் இவ்வாறு தேர்ந்தெடுக்க நேராத உலகம் எது?” என்றும் கேட்கவேண்டும். உதய சிங்குக்கு ஒரு நகரமே நினைவுச்சின்னமாயிற்று. சந்தனுக்கு நாம் எழுப்பக்கூடியது அந்த வினா ஒன்றே.