சொல் ஒன்று, எண்ணம் நூறு

ஒருவர் கூறும் குறை சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அதைக் கேட்டவனின் மனமோ அதனை இரவெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. கலைக் கல்வியை நாடும் இளைஞர்களிடம் இத்துன்பத்தை மிகுதியாகக் காணலாம்.

புது தில்லியில் 1959-இல் நிறுவப்பட்ட தேசிய நாடகப் பள்ளி போன்ற நிலையங்களில் சேர மதிப்பெண் மட்டும் போதாது. தேர்வாளர்கள் முன் நடித்துக் காட்ட வேண்டும். முதற்கட்டத்தில் தேறியவர்களைச் சில நாட்கள் பயிற்சியில் ஈடுபடுத்திக் கவனித்த பின்னரே இறுதித் தேர்வு நடைபெறுகிறது.

அத்தகைய தேர்வு ஒன்றுக்குச் சென்ற காசி மாணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். முதற்கட்டத்தில் அவன் தேறிவிட்டான். தேர்வாளர் ஒருவர், "உன் குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் எதிரே நிற்பவர் பேசுவதை நீ கேட்பதில்லை" என்று கூறினார். அன்று முதல் அவனுக்கு உறக்கமில்லை. 'குரலைப் புகழ்ந்தது வெறும் ஆறுதலோ? எனக்கு நடிப்பே வராது என்பதைத்தான் மறைமுகமாகச் சொன்னாரோ?' என்று மனம் பெருக்கிக்கொண்டே சென்றது. அடுத்த கட்டத்திற்குத் தான் அழைக்கப்பட்டிருப்பதையே அவன் மறந்துபோனான்!

வாக்கும் அசைவும் நினைவும்

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரம் முதல் நாடகம் அரங்கேறிய வரலாற்றைக் கூறுகிறது. இந்திரனின் கொடி விழாவில் அசுரர்களின் தோல்வி நடித்துக் காட்டப்பட்டது. அதனால் சினமுற்ற அசுரர்கள் விக்கினங்களைத் துணைக்கொண்டு நடிகர்களின் வாக்கையும் அசைவையும் நினைவையும் உறையச் செய்தனராம். மேடையில் நின்று நடுங்கிய எவரும் இம்மூன்றையும் அறிவர். புறத்தே வந்த அந்த விக்கினங்களை இந்திரன் தன் கொடிக்கம்பத்தால் விரட்டினான். அகத்தே தோன்றும் விக்கினத்தை விரட்ட வேண்டியவன் அந்தந்த மனிதனே.

அதே நூலின் 4-ஆம் அத்தியாயத்தில் மற்றொரு நிகழ்ச்சி வருகிறது. பிரம்மதேவர் சிவபெருமான் முன்னிலையில் நாடகத்தை நிகழ்த்தச் செய்தார். சிவபெருமான் அதைக் கண்டு மகிழ்ந்தார். எனினும், நாடகத்தின் முன்னே நிகழும் பூர்வரங்கத்தில் தமது நடனத்தையும் சேர்த்தால் அது மேலும் சிறக்கும் என்றார். பிரம்மதேவர் வருந்தவில்லை, 'அப்படியானால் இதுவரை செய்தது வீணா?' என்று கலங்கவும் இல்லை. அந்நடனத்தைக் கற்பித்தருளுமாறு வேண்டினார். தண்டு முனிவர் கற்பிக்க, பரதர் கற்றார். படைப்புக் கடவுளின் படைப்பிலும் சேர்ப்பதற்கு ஒன்று இருந்ததெனில், பதினெட்டு வயது இளைஞனின் நடிப்பில் இருப்பதில் வியப்பென்ன?

அந்நூலின் 27-ஆம் அத்தியாயம் நாடகத்தை மதிப்பிடுவோர் பலரைக் குறிப்பிடுகிறது. வில்லாளி நிற்கும் நிலையைக் காண்கிறான்; ஓவியன் ஒப்பனையைக் காண்கிறான்; இசைவாணன் சுருதியைக் கேட்கிறான். ஒவ்வொருவரும் தாம் அறிந்த கூறு பற்றியே பேசுகின்றனர். அவர்களுள் எவரும் நடிகனின் வாழ்வுக்குத் தீர்ப்பு எழுதுவதில்லை. செயலைப் பற்றிச் சொன்னதைத் தன்னைப் பற்றியதாக மாற்றிக்கொள்வது கேட்பவனின் மனமே.

பயிற்சியும் பற்றின்மையும்

காசி மாணவன் தன் வடமொழிப் பேராசிரியரிடம் சென்று அனைத்தையும் கூறினான். அவர் அமைதியாகக் கேட்டார்.

"குழந்தாய், அவர் சொன்ன சொற்களை மட்டும் சொல்."

"எதிரே நிற்பவர் பேசுவதை நான் கேட்பதில்லை என்றார், ஐயா."

"மற்றவை?"

"அவை... நானாக எண்ணியவை."

"அப்படியானால் நீ அவர் பேசியதையும் கேட்கவில்லையே! இத்தனை நாளும் உன் குரலையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்."

மாணவன் தலைகுனிந்தான். மறுநாள் முதல் நண்பன் ஒருவனை எதிரே நிறுத்தி, அவன் பேசி முடிக்கும் வரை முழுமையாகக் கேட்டுப் பின் பேசப் பழகினான். நாட்கள் செல்லச் செல்ல, தன்னைப் பற்றிய கவலைக்கு அவன் மனத்தில் இடம் குறைந்தது. பிறரைக் கூர்ந்து கேட்பவனுக்குத் தன்னையே எண்ணிக்கொண்டிருக்க நேரம் ஏது?

மனம் காற்றைப் போல அடக்குதற்கு அரியது என்று கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில் அர்ஜுனன் முறையிடுகிறான். கண்ணபிரான் அதை மறுக்கவில்லை. பயிற்சி, பற்றின்மை என்ற இரு வழிகளைக் காட்டுகிறார். தேர்வுக்குச் செல்லும் மாணவனுக்கு இவையே போதும். கூறிய குறையைக் கூறியவாறே குறித்துக்கொள்வதும், விளங்காததைப் பணிவுடன் கேட்பதும், அதைச் செயலில் திருத்துவதும் பயிற்சி. திருத்திய பின் முடிவைத் தேர்வாளரிடமும் இறைவனிடமும் விட்டுவிடுவது பற்றின்மை. பயிற்சியை விட்டுப் பற்றின்மை பேசுவது சோம்பல்; பற்றின்மையின்றிப் பயிற்சி செய்வது ஓயாத வேதனை.

இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இடங்கள் சிலவே, விரும்புவோர் பலர். ஆயினும் கேட்கக் கற்றவன் வெறுங்கையுடன் திரும்புவதில்லை. மனிதர் சொல்வதைத் திரிக்காமல் கேட்கப் பழகிய செவியே, ஒருநாள் உள்ளிருந்து இறைவன் பேசும் மெல்லிய குரலையும் கேட்கும்.