நோய்க்குக் கழற்றிய பெயர்

2024 ஆகஸ்டில் இந்தோனேசியத் தெருக்களில் திரண்ட இளைஞர்களின் பதாகைகளில் ஒரு பெயர் திரும்பத் திரும்பத் தென்பட்டது: முல்யோனோ. அப்போது அதிபராயிருந்த ஜோக்கோ விடோடோவுக்குப் பெற்றோர் முதலில் இட்ட பெயர் அது. குழந்தை அடிக்கடி நோயில் விழவே மாற்றிவிட்டார்கள். மாகாண, மாவட்டத் தலைவர்களுக்கான தேர்தல் சட்டத்தை அதிபரின் மகனுக்குத் தோதாக வளைக்கப் பார்க்கிறார்கள் என்ற கோபம் நியாயமானது. அந்தப் பெயரை ஏசலாக்கியது நியாயமல்ல.

விடோடோ பிறந்த ஜாவாவில் பெயருக்கு எடை உண்டு. தாங்கமாட்டாத பெயர் பிள்ளையைப் படுக்கையில் தள்ளிவிடும் என்பது நம்பிக்கை. இதைக் 'கபோத்தான் ஜெனெங்' என்பார்கள். பின்னாளில் நாட்டின் முதல் அதிபரான நோஞ்சான் பையன் குஸ்னோவைச் சுகர்னோ ஆக்கியதும் இந்த அச்சந்தான். மூடநம்பிக்கை என்று சிரிக்கலாம். காய்ச்சலடிக்கும் பிள்ளையோடு விடிய விடிய உட்கார்ந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

பட்டப்பெயர் அங்கே புதிதல்ல. ஊரில் மூன்று ஸ்லாமெட் இருந்தால் ஒருவர் குண்டு ஸ்லாமெட், இன்னொருவர் கறுப்பு ஸ்லாமெட் ஆகிவிடுவார். அதற்கும் வரம்பு உண்டு. ஒத்த வயதுத் தோழர்கள், 'ங்கோக்கோ' எனும் உரிமைப் பேச்சில், முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்ளலாம். மூத்தவரிடம் பேச்சு 'கிரமா' எனும் மரியாதை நடைக்கு மாறும். பட்டப்பெயர் ஒதுங்கி, 'பாக்' என்ற மரியாதை முன்னால் வந்து நிற்கும். பிள்ளை பிறந்த வீட்டில் கணவரைத் தலைப்பிள்ளையின் அப்பா என்றே கூப்பிடும் மனைவியரும் உண்டு.

இந்த வரம்பைச் சான்றோர் சும்மா வகுக்கவில்லை. ஜாவானியரில் பெரும்பாலோர் ஓதும் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம், ஒருவரையொருவர் இழிபெயரிட்டு அழைப்பதை வெளிப்படையாகத் தடுக்கிறது. சூரகர்த்தா மன்னர் நான்காம் பாக்குபுவனாவின் 'வுலாங்ரே' எனும் அறநூல், பிறரைத் தாழ்த்திப் பார்க்கவைக்கும் வலிமை, மேன்மை, சாமர்த்தியம் என்ற மூவகைச் செருக்கையும் கண்டிக்கிறது. விளையாட்டுக்கு இகழ்ந்தாலும் அது நோகும் என்று பண்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லிவைத்தார். மூன்றும் வேறுவேறு மண்ணின் குரல்கள், தீர்ப்பு ஒன்றே.

அதிகாரத்தை எதிர்க்க எளியவனிடம் கேலியை விட்டால் வேறென்ன இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், பதவியில் இருப்பவர் ஏச்சு வாங்கத்தான் வேண்டும். அவர் செய்ததைச் சொல்லி ஏசட்டும். நோயில் கிடந்த குழந்தை எந்தச் சட்டத்தை வளைத்தது? அதோடு, ஜாவாவில் முல்யோனோ என்பது சர்வசாதாரணப் பெயர். அதிபருக்கும் அரசியலுக்கும் சம்பந்தமே இல்லாத முல்யோனோக்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.