காத்திருத்தலும் கடமையும்: கிறித்தவ அறநோக்கில் ஒரு சிந்தனை

"இறைவன் குறித்த வேளையில் எல்லாம் நடைபெறும்" என்னும் கூற்றுக் கிறித்தவர் நாவிற் பெரிதும் பயின்று வழங்குவதாகும். நோயாளியின் படுக்கையருகிலும், தொழிலின்றி வாடும் இளைஞனின் இல்லத்திலும், மகப்பேற்றை எதிர்நோக்கி ஆண்டுகள் பலவற்றைக் கழித்த தம்பதியர் முன்னிலையிலும் அஃது ஆறுதல் மொழியாக வெளிப்படுகின்றது. அவ்வாறுதல் மெய்யானதே. எனினும் அதே கூற்றினை வேறோர் இடத்திலும் கேட்கலாம். அநீதியைக் கண்ணெதிரே கண்டும் வாளாவிருப்பவன் தன் செயலின்மைக்குரிய நியாயமாகவும் அதனையே எடுத்தாளுகின்றான். ஒரே சொற்றொடர் ஒருவனுக்கு ஊன்றுகோலாகவும் மற்றொருவனுக்கு மறைந்து நிற்கும் திரையாகவும் அமைவது எங்ஙனம்? இறைவனின் காலத்தை நம்புதல் மனித முயற்சியை நிறைவு செய்கின்றதா, அன்றி அழிக்கின்றதா? இவ்வினா இறையியலாளர்க்கு மட்டும் உரியதன்று. அறவாழ்வு பற்றிச் சிந்திக்கும் எவர்க்கும் உரியதாகும்.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலே காலத்தைக் குறிக்க இரு சொற்கள் சிறப்பாக வழங்கின. 'குரோனோஸ்' என்பது நாளும் திங்களும் ஆண்டுமாக ஓடும், அளவிடத்தக்க காலத்தைப் பெரும்பாலும் குறித்தது. 'கைரோஸ்' என்பது ஒரு செயலுக்குரிய வேளையை, கனி கனியும் பருவத்தை ஒத்த காலத்தைக் குறித்தது. இவ்விரு சொற்களும் எங்கும் கண்டிப்பான வேறுபாட்டுடன் ஆளப்பட்டன என்று கூறுதற்கில்லை; 1962இல் ஜேம்ஸ் பார் வெளியிட்ட ஆய்வு நூல் இதனைத் தெளிவாக்கியது. ஆயினும் கடிகாரம் காட்டும் நேரம் வேறு, செயலுக்கு வாய்க்கும் வேளை வேறு என்ற உண்மை எம்மொழியினரும் அறிந்ததே.

தமிழர்க்கும் இக்கருத்துப் புதிதன்று. வள்ளுவர் பொருட்பாலிலே 'காலமறிதல்' என நாற்பத்தொன்பதாம் அதிகாரத்தை வகுத்தார். பருவம் வாராதபோது கொக்கினைப்போல் ஒடுங்கியிருத்தலும், அது வாய்த்தபோது கொக்கின் குத்துப்போல் விரைந்து செயற்படுதலும் அவர் கூறும் நெறியாகும். அங்குக் காலத்தை அறிபவன் செயலாற்றுவோனே. அவ்வறிவே அவனது வலிமை. கிறித்தவ சிந்தனை இவ்விடத்தில் வேறு வழியிற் செல்கின்றது. உயிர்த்தெழுந்த இயேசுவிடம் சீடர்கள் இறையரசு மீட்கப்படும் காலத்தை வினவியபோது, அக்காலங்களை அறிதல் அவர்களுக்கு உரியதன்று என்ற விடையே கிடைத்ததாகத் திருத்தூதர் பணிகள் முதலாம் அதிகாரம் கூறுகின்றது. ஆகவே காலமறிதலினின்றன்று, காலமறியாமையினின்றே கிறித்தவனின் காத்திருத்தல் தொடங்குகின்றது. எனினும் இரு நெறிகளுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. ஒடுங்கியிருக்கும் கொக்கு உறங்கும் கொக்கன்று.

இவ்வறியாமையைத் தாங்கிக்கொள்ள இயலாத மனிதன் காலத்தைக் கணித்துவிட முற்படுகின்றான். நியூயோர்க் மாநிலத்து விவசாயியான வில்லியம் மில்லர் தானியேல் நூலிற் கூறப்படும் 2300 நாள்களை ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457 முதல் எண்ணி, கிறித்துவின் மீள்வருகை 1843ஆம் ஆண்டளவில் நிகழும் எனப் போதித்தார். குறித்த காலம் கடந்தபின் அவ்வியக்கத்தினர் 1844 ஒக்ரோபர் 22ஆம் நாளை உறுதியாகக் குறித்தனர். அவர்களுட் சிலர் வயலில் விளைந்திருந்த பயிரை அறுவடை செய்யாது விட்டனர். அந்நாளும் ஏனைய நாள்களைப் போன்றே விடிந்து மறைந்தது. வரலாற்றாசிரியர் அதனைப் 'பெரும் ஏமாற்றம்' எனக் குறிப்பிடுவர். இம்மனிதரின் பக்தியை எள்ளி நகையாடுதல் எளிது, அது நியாயமுமன்று. அவர்களது பிழை நம்பிக்கையின் மிகுதியன்று. நம்பிக்கை இருக்கவேண்டிய இடத்திலே கணக்கை இருத்தியமையே. நாள் தெரிந்தவனுக்கு நம்பிக்கை தேவையில்லை. நாள் தெரிந்தவனுக்கு நாளைய கடமையும் இல்லை. ஆதலின் பயிர் வயலிலே நின்றது.

இப்பிழை பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிறந்ததன்று. கி.பி. 50ஆம் ஆண்டளவிலே பவுல் தெசலோனிக்க நகரத்துச் சபைக்கு எழுதினார். ஆண்டவரின் நாள் இரவிலே திருடன் வருவதுபோல் வரும் என்று அவர் நினைவூட்டிய அதே மடலில், அமைதியாகத் தத்தம் தொழிலைச் செய்து கைகளால் உழைக்குமாறும் அறிவுறுத்தினார். அச்சபைக்குரிய இரண்டாம் மடல் இன்னுங் கடுமையானது. உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் கூடாது என்று விதிக்கின்றது. அம்மடலைப் பவுலே எழுதினாரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எழுதியவர் எவராயினும், இறுதிநாளின் பெயரால் அன்றாடக் கடமையைக் கைவிடுதல் தொடக்கத்திலேயே கண்டிக்கப்பட்டது என்பது கண்கூடு.

அவ்வாறாயின் ஆயத்தமாயிருத்தல் என்பது யாது? மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்திலுள்ள பத்துக் கன்னியர் உவமை இதற்கு விடை பகர்கின்றது. மணமகன் வரத் தாமதித்தான். அப்போது பத்துப் பேருமே உறங்கினர். பலரும் கவனியாது விடும் செய்தி இதுவாகும். அறிவுள்ள ஐவரும் கண்விழித்திருந்தவரல்லர். உறக்கம் குற்றமாகக் கொள்ளப்படவில்லை, எண்ணெயின்மையே குற்றமாயிற்று. ஆகவே விழிப்பு என்பது நரம்புகளை முறுக்கி வைத்திருக்கும் ஓயாத பதற்றமன்று. முன்னரே சேர்த்து வைத்த ஒன்றின் பலத்தால் நிம்மதியாக உறங்கவும், அழைப்பு வந்ததும் எழவும் இயலும் நிலையே விழிப்பாகும்.

அறிவுள்ள கன்னியர் தம் எண்ணெயைப் பகிர மறுத்தமை தன்னலமாகத் தோன்றலாம். ஆயின் அவ்வெண்ணெயை ஒருவர் தம் வாழ்விற் சிறுகச் சிறுகச் சேர்த்த பண்பாகக் கொள்வார்க்கு அத்தடை நீங்கும். உண்மை பேசிப் பழகாதவன், பொய்யாற் பெரும் நன்மை வாய்க்கும் வேளையில் அயலானிடம் வாய்மையைக் கடனாகப் பெறுதல் இயலாது. நெருக்கடி பண்பை ஆக்குவதில்லை. முன்னர் ஆக்கப்பட்டதை வெளிப்படுத்துகின்றது.

யாக்கோபின் மடல் காத்திருத்தலுக்கு உழவனை உவமையாக்குகின்றது. பலஸ்தீன நாட்டிலே முன்மாரி ஒக்ரோபர், நவம்பர் அளவிலும் பின்மாரி மார்ச், ஏப்பிரல் அளவிலும் பெய்யும். மழையை வரவழைத்தல் உழவன் கையிலில்லை; ஆயின் உழாதும் விதையாதும் மழைக்குக் காத்திருப்பவனை எவரும் உழவன் என்பதில்லை. லூக்கா நற்செய்தியிற் காய்க்காத அத்திமரத்துக்காக ஓராண்டு தவணை கேட்கும் தோட்டக்காரனும், அவ்வாண்டிலே மரத்தைச் சுற்றிக் கொத்தி எருவிடுவதாகவே கூறுகின்றான். பொறுமை என்பது அவனுக்கு மண்வெட்டியைக் கீழே வைத்தலன்று, மீண்டும் கையிலெடுத்தலாகும்.

இதுகாறும் கூறியவை தன் வாழ்வை நோக்கிக் காத்திருப்பவனுக்குப் பொருந்துவன. பிறனை நோக்கி "காத்திரு" என்று கூறும்போதோ வினாவின் தன்மையே மாறிவிடுகின்றது. 1963 ஏப்பிரலில் அமெரிக்காவின் பேர்மிங்காம் நகரிலே நிறவேற்றுமைக்கு எதிரான போராட்டம் நடைபெற்றது. பெரிய வெள்ளியாகிய ஏப்பிரல் 12ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் கைதானார். வெள்ளையரான சமயத் தலைவர் எண்மர் அன்றே ஓர் அறிக்கையை விடுத்தனர். எழுவர் கிறித்தவர், ஒருவர் யூத ரபி. ஆர்ப்பாட்டங்கள் விவேகமற்றவை, காலப் பொருத்தமற்றவை என்பது அவர்களது முறைப்பாடு. ஏப்பிரல் 16ஆம் நாளிட்ட தம் சிறைக் கடிதத்தில் கிங் இதற்கு மறுமொழி கூறினார். துன்பத்தை அனுபவியாதவர் கணிப்பில் எந்தப் போராட்டமும் உரிய வேளையில் வந்ததில்லை. காலம் தன்னளவில் நடுநிலையானது. அது தானாக எதனையும் குணப்படுத்துவதில்லை. இறைவனோடு உடனுழைக்கும் மனிதராலேயே முன்னேற்றம் வருகின்றது என்பது அவரது வாதத்தின் சாரமாகும்.

இவ்வாதத்தினின்று ஓர் அளவுகோலைப் பெறலாம். காத்திருத்தலின் விலையைக் கொடுப்பவன் எவன் என்பதே அது. தன் துன்பத்தைத் தானே சுமந்து இறைவனின் வேளையை நோக்கியிருப்பவன் நம்பிக்கையாளன். பிறன் துன்பத்தின் மேலமர்ந்து அவனைக் காத்திருக்கச் சொல்பவன், தன் வசதியின் வேளையை இறைவனின் வேளை எனப் பெயர் மாற்றி வைப்பவன். காத்திருக்க மறுத்த அதே கிங், 1968 ஏப்பிரல் 3ஆம் நாளிரவு மெம்பிஸ் நகரில் நிகழ்த்திய இறுதியுரையில், தம் மக்கள் அடையவிருக்கும் நாட்டுக்குத் தாம் உடன் செல்லாமற் போகலாம் எனினும் அவர்கள் சென்றடைவர் என்று உறுதி கூறினார். மறுநாள் சுட்டுக்கொல்லப்பட்டார். செயலை ஒத்திப்போட மறுத்தவரே, பயனைக் காணும் வேளையை இறைவனிடம் விட்டார். இவை முரணல்ல, ஒரே நம்பிக்கையின் இரு பக்கங்களாகும்.

ஜேர்மானிய இறையியலாளர் டீற்றிச் பொன்ஹோபரின் வாழ்வு இதனை மேலுங் கடுமையான சோதனைக்கு உள்ளாக்குகின்றது. 1939 யூனிலே பாதுகாப்பான நியூயோர்க்கை அடைந்த அவர், தம் மக்களின் துன்பத்திற் பங்குபெறாதவனுக்குப் போருக்குப் பிந்திய மறுசீரமைப்பிற் பங்குபெற உரிமையில்லை எனக் கருதி, மறுமாதமே நாடு திரும்பினார். ஹிட்லருக்கு எதிரான மறைமுக இயக்கத்திற் சேர்ந்தார். 1943 ஏப்பிரல் 5ஆம் நாள் கைதாகிப் பேர்லினின் ரேகல் சிறையில் வைக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் நண்பருக்கு எழுதிய கடிதத்திலே சிறையறையைத் திருவருகைக் காலத்துக்கு ஒப்பிட்டார்; உள்ளிருப்பவன் ஏதேதோ செய்துகொண்டு நம்பிக்கையோடிருக்கின்றான், கதவோ வெளியிலிருந்தே திறக்கப்படல் வேண்டும் என்பது அவ்வொப்புமையின் கருத்து. பின்னர்க் காவலர் ஒருவரின் உதவியோடு தப்பிச் செல்லும் வாய்ப்பு வந்தபோதும், தம் குடும்பத்தார்க்குத் தீங்கு நேரும் என்பதால் அதனைக் கைவிட்டார். அவரது சிறைக் கடிதங்கள் 1951இல் வெளியானபோது அந்நூலுக்கு இடப்பட்ட ஜேர்மன் தலைப்பு 'எதிர்த்தலும் பணிதலும்' என்று பொருள்படும்.

1945 ஏப்பிரல் 9ஆம் நாள் புளொசன்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். வயது 39. பதினான்கு நாள்களின் பின், ஏப்பிரல் 23ஆம் நாள், அமெரிக்கப் படையினர் அம்முகாமை விடுவித்தனர். இப்பதினான்கு நாள்களின் முன்னே, இறைவனின் வேளை எப்பொழுதும் தப்பாது வந்து காக்கும் என்னும் எளிய ஆறுதல் நிலைகுலைந்து போகின்றது. அதனை நேர்மையாக ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். இறைவனின் காலத்தை நம்புதல் என்பது விடுதலை உரிய நாளில் வந்தே தீரும் என்ற பேரமாயின், பொன்ஹோபர் ஏமாற்றப்பட்டவரே. அது பேரமன்றாயின், கதவு எவ்வேளையில் எவர் கையால் திறக்கப்படினும் உள்ளிருப்பவன் எத்தகையவனாகக் காணப்படுவான் என்பதே வினாவாகும். அவ்வினாவுக்கு அவர் தம் விடையை முன்னரே எழுதிவிட்டார்; நாடு திரும்பிய நாளில் எழுதினார், தப்பிச் செல்லாதிருந்த நாளிலும் எழுதினார்.

இத்தகைய பெருஞ்சோதனைகள் எல்லார்க்கும் வருவன அல்ல. கல்வியில் ஈடுபட்டிருப்போரின் ஆயத்தம் யாது? யூதக் குடும்பத்திற் பிறந்து கிறித்துவின்பால் ஈர்க்கப்பட்ட பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வேய் 1942இல் எழுதிய கட்டுரையொன்று இதனை ஆராய்கின்றது. அவர் மறைந்தபின், 'கடவுளுக்காகக் காத்திருத்தல்' என்று பொருள்படும் தலைப்பில் 1950இல் வெளியான நூலில் அது இடம்பெற்றது. கேத்திரகணிதப் புதிரொன்றில் உண்மையான கவனத்தோடு ஒரு மணிநேரத்தைச் செலவிட்டு விடை காணாதவனின் முயற்சியும் வீணன்று என்பார் வேய். விடையை அவசரத்திற் பற்றிக்கொள்ளாது, மனத்தைத் திறந்து வைத்திருக்கும் அப்பயிற்சியே பின்னர் மன்றாட்டிலும், துன்புறுவோனை நோக்கி அவன் குறையைக் கேட்கும் ஆற்றலிலும் வெளிப்படும் என்பது அவர் கருத்து. காத்திருத்தலின் நுண்ணிய வடிவம் கவனமே எனலாம்.

மத்தேயுவின் இருபத்தைந்தாம் அதிகாரம் கன்னியர் உவமையோடு முடிவதன்று. அதன் இறுதிப் பகுதி மானிட மகனின் தீர்ப்பைச் சித்திரிக்கின்றது. பசித்தவனாய், தாகமுற்றவனாய், அந்நியனாய், ஆடையற்றவனாய், நோயாளியாய், சிறையாளியாய் அவர் முன்னரே வந்து சென்றார் என்பது அங்கு வெளியாகின்றது. அவருக்கு உதவியோரும் உதவாதோரும் ஆகிய இரு சாராரும் அவரை எப்போது கண்டோம் என்றே வினவுகின்றனர். வருவார் என வாயிலை நோக்கியிருந்தவரிடம், வந்தவர் ஏற்கெனவே வந்துவிட்டார் என்று கூறும் பகுதி இது. காத்திருத்தலுக்கும் கடமைக்கும் இடையே தோன்றிய முரண் இவ்விடத்தில் நீங்குகின்றது. குறித்த வேளை மறைவாயிருப்பதனாலேயே ஒவ்வொரு வேளையும் அவ்வேளையாக இருத்தல் கூடும். அதனை அறிந்தவன் கதவைப் பார்த்துக்கொண்டு மட்டும் இரான். கதவைத் தட்டுபவன் எவனாயினும் எழுந்து திறப்பான்.