உறை பிரியாத வீரர்கள்

1984இல் அமெரிக்காவின் கெனர் நிறுவனம் 'சுப்பர் பவர்ஸ்' என்னும் வீரர் பொம்மை வரிசையை வெளியிட்டது. சுப்பர்மானின் கால்களை அழுத்தினாற் கைகள் குத்தும். பிளாஷின் கைகளை அழுத்தினாற் கால்கள் ஓடும். வீரனின் ஆற்றல் உள்ளிருந்த பொறியினது மட்டுமன்று. அழுத்திய சிறு கையினதுமாகும். 1986உடன் அவ்வரிசை நின்றது.

அன்றைய சிறுவர் இன்று நடுவயதினர். அவருட் சிலர் அப்பொம்மைகளை மீண்டும் தேடி வாங்குகின்றனர். சந்தையிலோ உறை பிரியாத பொம்மைக்கே உயர்ந்த விலை. எக்குழந்தையும் தீண்டாமையே அதன் சிறப்பாகின்றது. ஈண்டு ஒரு வினா எழுகின்றது: இவர்கள் மீட்க விழைவது எதனை?

பொருளையே எனின், உறையிலுள்ளது போதும். ஆயின் ஏக்கம் பற்றிநிற்பது பொருளையன்று. அதனோடு கழிந்த பொழுதை. உறையிலுள்ள வீரன் ஒருபோதும் குத்தியதில்லை, ஓடியதுமில்லை. சாயம் உரிந்து பொறி தளர்ந்த பொம்மையே விளையாட்டுக்குச் சாட்சி.

பேணுவோர் இன்றேல் இவற்றின் முதல் வடிவத்தைப் பின்வருவோர் அறியார் என்பது மெய்யே. அப்பணி அரும்பொருட்சாலைக்குத் தகும். தன் இளமையைத் தேடுவோனுக்கு அது போதாது. அழுத்துதற்கென ஆக்கப்பட்டதை அழுத்தாது காத்தல், அதன் உடலைக் காத்துப் பயனை இழத்தலாகும். கழிந்த பொழுது எவர்க்கும் மீளாது. உறையைப் பிரித்து மற்றொரு சிறு கையிற் கொடுப்பின், அத்தகைய பொழுதொன்று புதிதாய்ப் பிறக்கக்கூடும். ஏக்கம் அறமாக மாறுவது அங்கேயே.