‘சொன்னார்களாம்’ என்னும் சரக்கு



தமிழிலே ‘ஆம்’ என்று ஒரு சின்னஞ்சிறு ஒட்டு இருக்கிறது. ‘வந்தான்’ என்று சொன்னால், சொன்னவன் அதற்குப் பொறுப்பாளி. ‘வந்தானாம்’ என்று சொல்லிவிட்டாலோ கண்டவன் யார், எப்போது கண்டான், எந்த வெளிச்சத்தில் கண்டான் என்பதெல்லாம் ஒருசேரக் கழன்றுவிடுகின்றன. பேச்சு மட்டும் மிஞ்சுகிறது. மலாய்க்காரர்களிடத்திலும் இதற்கு ‘கோனோன்’ என்று ஒரு சொல் உண்டு. ஆக, பொறுப்பில்லாமல் பேசுவதற்கு வழி தேடியவர்கள் நாம் மட்டுமல்லர்.

நமது இளமைக் காலமே இந்த ‘ஆம்’ சுமந்து வந்த கதைகளால் நிறைந்தது. பினாங்கில் கீழே கடையும் மேலே குடித்தனமுமாக வாழ்ந்த வீடுகளில், இஷாவுக்குப் பிறகு பிள்ளைகளை உறங்கவைப்பது நன்னிமார்களின் வேலை. வாழை மரத்திலே பொந்தியானாக் இருக்கிறதாம். பிரசவத்தில் மரித்த பெண்ணாம். கப்ருஸ்தானில் பூக்கும் கெம்போஜாப் பூவின் வாசம் திடீரென்று வந்தால் அவள் பக்கத்தில் நிற்கிறாளாம். பிடரியில் ஓர் ஆணியை அறைந்துவிட்டால் நல்ல குடும்பப் பெண்ணாகிவிடுவாளாம். ஆணியைப் பிடுங்கினால் மறுபடியும் பேயாம். உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய் பூசிக்கொண்டு, பிடித்தால் வழுக்கி ஓடும் ஓராங் மின்யாக் வேறு. 1957-ல் ‘பொந்தியானாக்’ படமும், 1958-ல் நம் பினாங்கில் பிறந்த பி. ரம்லியின் ‘சும்பா ஓராங் மின்யாக்’ படமும் வந்த பிறகு, அதுவரை முகமில்லாதிருந்த பேய்களுக்கு முகமும் குரலும் கிடைத்துவிட்டன. படம் ஓடி முடிந்து பல வருஷங்களுக்குப் பிறகும் கொல்லைப்புறம் போக வேண்டுமென்றால் பிள்ளைகளுக்குத் துணை தேவைப்பட்டது.

இந்தக் கதைகளின் மேல் நமக்குக் கோபம் இல்லை. நன்னியின் மடியில் தலைவைத்துக் கேட்டவை. கதை என்றே சொன்னார்கள், கதை என்றே கேட்டோம். மேலும், அந்தப் பெரிய மனுஷிகள் சொன்னது அத்தனையும் வெறும் கதை என்று தள்ளிவிடவும் கூடாது. மஃரிபு வேளையில் பிள்ளைகளை வெளியே விடாதே, கதவைச் சாத்து, பாத்திரத்தை மூடு, படுக்கும் முன் விளக்கை அணை என்பார்கள். இஃது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதிலிருந்து வந்தது. இரவு கவியும் நேரத்தில் ஷைத்தான்கள் பரவுவதாகவும், ஆகையால் குழந்தைகளை உள்ளே வைத்துக்கொள்ளும்படியும், அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கதவை அடைத்துப் பாத்திரங்களை மூடும்படியும் அவர்கள் கட்டளையிட்டது புகாரி ஷரீபில் இருக்கிறது. விளக்கை அணைக்கச் சொன்னதற்குக் காரணத்தையும் அவர்களே சொன்னார்கள்: எலியானது எரியும் திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக் கூடும். நன்னிமார்கள் இந்த வேரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பிற்காலத்தில் அதன்மேல் படர்ந்த கொடிகள்தான் பல.

அந்தக் கொடிகளில் சில நம் கடைக்குள்ளேயே வளர்ந்தன. பொழுது சாய்ந்தபின் ஊசியும் உப்பும் விற்கமாட்டார்கள். முதல் போணி கடனாகப் போனால் அன்றைக்கு முழுதும் கடன்தானாம். சரக்கெடுக்கப் புறப்படுகையில் பூனை குறுக்கே போனால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்சம் உட்கார்ந்து புறப்பட வேண்டுமாம். ஸஃபர் மாதமோ கேட்கவே வேண்டாம். அந்த மாதத்தில் புதுக்கடை திறப்பதில்லை, கல்யாணம் வைப்பதில்லை. ஒடுக்கத்துப் புதனன்று மாவிலையில் எழுதிக் கரைத்துத் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். மலாய்ச் சகோதரர்கள் கடற்கரைக்குக் கூட்டங் கூட்டமாகப் போய் ‘மண்டி ஸஃபர்’ குளிப்பார்கள். உலமாக்கள் பல காலம் எடுத்துச் சொன்னதன் பேரில் அந்தக் கடற்கரைக் கூட்டங்கள் ஒழிந்தன. மனத்திலிருந்து ஒழிந்ததா என்பது ஸஃபரில் கல்யாண மண்டபம் கேட்டுப் போனால் தெரியும்!

நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த அரபு நாட்டிலும் இவையெல்லாம் இருந்தன. பறவை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துப் பயணம் புறப்பட்டார்கள். கொலையுண்டவனுடைய ஆவி ‘ஹாமா’ என்னும் ஆந்தையாகி அலைகிறது என்று நம்பினார்கள். இது நம் வாழை மரத்துப் பேய்க்கு அக்காள் முறை. ஸஃபரையும் பீடை மாதமென்று ஒதுக்கினார்கள். சகுனமும் இல்லை, ஹாமாவும் இல்லை, ஸஃபரும் இல்லை என்று ஒரே மூச்சில் மூன்றையும் நாயகம் (ஸல்) அவர்கள் தள்ளிவிட்டார்கள். நல்ல சொல்லைக் காதால் கேட்டு மகிழ்வதை மட்டும் விரும்பினார்கள். ஷவ்வாலில் கல்யாணம் செய்தால் விளங்காது என்றும் அரபிகள் நினைத்தார்கள். ஆனால் நம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, தம்மை நாயகம் மணந்ததும் ஷவ்வாலில், வீட்டுக்கு அழைத்துக்கொண்டதும் ஷவ்வாலில், தம்மைவிட அவர்களுக்கு உவப்பான மனைவி யார் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு கேள்வியில் ஒரு நாட்டின் சகுனம் உடைந்தது.

பயமுறுத்தும் கதையை விடுவது எளிது. மகிழ்ச்சி தரும் கதையை விடுவதுதான் கஷ்டம். 1969-ல் சந்திரனில் கால்வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் அங்கே ஓர் ஓசையைக் கேட்டாராம்; பிறகு ஒரு முஸ்லிம் நாட்டுக்கு வந்தபோது பாங்கைக் கேட்டு, அதே ஓசை என்று சொல்லி இஸ்லாத்தைத் தழுவினாராம். இந்தக் கதை பள்ளிவாசல் திண்ணையிலும் தேத்தண்ணீர்க் கடையிலும் எத்தனை முறை சொல்லப்பட்டது! ஆர்ம்ஸ்ட்ராங் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று மறுத்தார். 1983-ல் அமெரிக்க வெளிநாட்டு இலாகா, முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு அந்த மறுப்பைத் தெரிவித்தது. அதுவும் வேண்டாம். சந்திரனில் காற்று இல்லை, காற்றில்லாத வெளியில் ஓசை செல்லாது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் கதை நின்றதா? நம் மார்க்கத்துக்குப் பெருமைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்கள் சிலர்.

இதற்கு நாயகத்தின் (ஸல்) வீட்டிலிருந்தே பதில் இருக்கிறது. ஹிஜ்ரி 10-ல் அவர்களுடைய அருமை மகன் இப்ராஹீம் பாலகராகவே மரித்தார். அன்று சூரிய கிரகணம். நாயகத்தின் பிள்ளை இறந்ததால் சூரியனே இருண்டது என்று மதீனாவில் பேச்சாயிற்று. யாரும் அவர்களுக்குத் தீங்கு நினைத்து அதைச் சொல்லவில்லை, அன்பினால் சொன்னார்கள். துக்கத்திலிருந்த தகப்பன் மௌனமாயிருந்திருந்தாலே போதும், அந்தப் பேச்சு இன்றுவரை நிலைத்திருக்கும். அவர்கள் மௌனமாயிருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய சாவுக்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் அவை கிரகணம் பிடிப்பதில்லை என்று சொல்லித் தொழுகையின் பக்கம் ஜனங்களைத் திருப்பினார்கள். தமக்குப் பெருமை சேர்த்த ஒரு பொய்யைத் தம் மகன் இறந்த அன்றைக்கே மறுத்துவிட்ட நபியின் உம்மத்து, ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயரால் எதைச் சம்பாதிக்கப் பார்க்கிறது?

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். வாழை மரத்தின்மேல் இருக்கும்வரை கதையால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே கதை உயிரோடிருக்கும் ஒரு மனிதர்மேல் வந்து உட்காரும்போது?

நாம் சிறுவர்களாயிருந்த தெருவில் ஒரு நானா மளிகைக் கடை வைத்திருந்தார். பெயர் வேண்டாம். ஐந்தாறு வருஷத்தில் பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பிடித்தார். அவ்வளவுதான், அவர் தோயோல் வளர்க்கிறார் என்று பேச்சு கிளம்பிற்று. குழந்தை வடிவத்தில் இருக்கும் ஒரு பேயாம். ஏவினால் அடுத்தவர் கல்லாப்பெட்டியிலிருந்து காசை எடுத்து வருமாம். மற்றக் கடைக்காரர்கள் தங்கள் கல்லாவில் பச்சைப் பயறும் கோலிக்குண்டும் போட்டு வைத்தார்கள். தோயோல் விளையாட்டில் மயங்கி, திருட வந்ததை மறந்துவிடுமாம். (அந்தக் கோலிக்குண்டுகளின்மேல் தோயோலைவிட நமக்குத்தான் கண்.) பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. அந்த நானாவுக்கோ மகளின் சம்பந்தப் பேச்சு நின்றது. வாடிக்கையாக வந்த குடும்பங்கள் தெருவின் எதிர்ப்புறமாக நடந்தன. ரமலானில் அவர் நோன்புக் கஞ்சிக்குக் கொடுக்கும் அரிசியை வாங்கலாமா கூடாதா என்றுகூடப் பள்ளிவாசலில் வாய்விட்டுப் பேசினார்கள். அவர் சுப்ஹு தொழுதுவிட்டு நேரே வந்து கடை திறந்ததை எல்லோரும் கண்டிருந்தார்கள். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரத்தில் திறந்திருந்த கடை அது ஒன்றே. மொத்த வியாபாரிக்குத் தவணை நாளுக்கு முந்திய நாளே பணம் போய்விடும். ஆகவே சரக்கு மற்றவர்களைவிடக் குறைந்த விலையில் வந்தது. இந்தத் தோயோலை எந்த வியாபாரியும் வளர்க்கலாம், ஹராம் இல்லை.

இப்படிப்பட்ட பேச்சுக்கு நாமே இலக்காக இருந்ததும் உண்டு. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் 1845-லும் 1849-லும் இடி விழுந்தது. 1852-ல் அதை மூடிவிட்டார்கள். மூடிய கட்டடத்தில் பேய்கள் குடியேறிவிட்டன, அவற்றைச் சாந்தப்படுத்தக் கவர்னருக்கு மனிதத் தலைகள் தேவைப்படுகின்றன என்று அந்த 1850-களில் ஊரெங்கும் கிலி பிடித்தது. தலை வெட்டி வரும்படி யாரை ஏவியிருப்பதாகச் சொன்னார்கள் தெரியுமா? இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டிருந்த கைதிகளை! ஜனங்கள் இருட்டியபின் வெளியே வரவே அஞ்சினார்கள். அரசாங்கமே மறுப்பு அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. அந்தக் கைதிகளின் உழைப்பினால்தான் 1856-லிருந்து இன்றுள்ள தேவாலயம் எழும்பியது. கல் சுமந்தவனைத் தலை வெட்டுகிறவன் என்றார்கள். 1985-ல் திறந்த பினாங்குப் பாலத்தைக் கட்டும்போதும் தூணுக்குத் தலை வேண்டுமாம் என்று அதே கதை திரும்பி வந்தது.

நாசி கண்டார் வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டியில் என்னவோ போடுகிறார்களாம், அதனால்தான் ஒரு தடவை தின்றவன் திரும்பி வருகிறானாம் என்று அவர்கள் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். எழுதக் கூசும் பொருள்களைக்கூடச் சொல்லியிருக்கிறார்கள். அன்று காவடித் தண்டில் சோற்றையும் குழம்பையும் தோளில் தூக்கித் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற தொழில் இது. மணிக்கணக்காய்ச் சுண்டிய மீன் குழம்பும் இறைச்சிக் குழம்பும் கோழிக் குழம்பும் ஒரே தட்டில் கலந்து விழுவதுதான் அந்த ருசி. இந்தப் பேச்சால் நமக்கு வலிக்கிறது, நியாயம். ஆனால் எதிர்க் கடையில் புதிதாகக் கூட்டம் சேர்ந்தால், அங்கே ‘என்னவோ செய்து வைத்திருக்கிறார்களாம்’ என்று முதலில் சொல்கிற வாய் எந்தச் சமூகத்து வாய்? அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு வெள்ளிச் சரக்கானாலும் ரசீது கேட்கிறோம். எடையைச் சரிபார்க்கிறோம். பேரேட்டில் பற்று யார் பேரில் என்று எழுதாமல் இரவு கடை சாத்துவதில்லை. ஹதீதுக் கலை வல்லுநர்களும் இதைத்தான் செய்தார்கள்: உமக்கு யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததுண்டா, அவர் ஞாபக சக்தி எப்படி என்று ஆள் ஆளாகக் கேட்டார்கள். ஒரு பெயர் விடுபட்டாலும் அந்த ரிவாயத்தைத் தனியே எடுத்து வைத்தார்கள். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை முஸ்லிம் ஷரீபின் முகப்பிலேயே காணலாம். மனிதனின் மானத்தைப் பற்றிய சரக்குக்கு மட்டும் ரசீது வேண்டாமா? கைப்பேசியில் வந்ததை அடுத்த நிமிஷமே பத்துப் பேருக்குத் தள்ளிவிடும் இக்காலத்தில், நன்னியின் கதைக்கு இருந்த எல்லை கூட இல்லை. அது ஒரு வீட்டுப் பிள்ளைகளோடு நின்றது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மேல் முனாஃபிக்குகள் அவதூறு கட்டியபோது மதீனா ஏறக்குறைய ஒரு மாதம் கொதித்தது. அபூ அய்யூப் (ரலி) அவர்களுடைய வீட்டில் அந்தப் பேச்சு வந்தபோது, அவர்கள் மனைவியிடம், நீ அப்படிச் செய்வாயா என்று கேட்டார்கள். செய்யமாட்டேன் என்றார் அம்மையார். ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவர் என்று சொல்லி, பேச்சை அங்கேயே புதைத்தார்கள். பின்னர் இறங்கிய ஸூரத்துந் நூர், ஜனங்கள் அதை நாவிலிருந்து நாவுக்கு மாற்றிக்கொண்டதையும், அல்லாஹ்விடம் அவ்வளவு பாரமாயிருந்ததை லேசாக எண்ணியதையும் கண்டித்தது.

அந்தப் பேச்சில் சேர்ந்தவர்களில் மிஸ்தஹ் என்பவர் அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர்; ஏழை. துணி வியாபாரியாயிருந்த அபூபக்ர் அவர்களே அவருக்குச் செலவுக்குக் கொடுத்து வந்தார்கள். தம் சொந்த மகளின் மானத்தைப் பேசியவருக்கு இனி ஒன்றும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். வசதியுள்ளவர்கள் உறவினருக்கும் ஏழைகளுக்கும் கொடுக்கமாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டாம், மன்னிக்கட்டும், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பவில்லையா என்ற கருத்தில் வசனம் இறங்கியது. விரும்புகிறேன் என்றார்கள் அபூபக்ர் (ரலி) அவர்கள். மிஸ்தஹுக்குக் கொடுத்து வந்ததைத் திரும்பவும் கொடுக்கத் தொடங்கினார்கள், அதன்பின் நிறுத்தவேயில்லை.