காட்சிக்கூடமும் கைவினைஞரும்

பழம்பொருளைப் போற்றும் பண்பு நம்மிடையே வளர்ந்து வருகின்றது. அப்பொருளைச் செய்த கையைப் போற்றும் பண்பும் உடன் வளர்ந்துள்ளதா? இவ்வினாவுக்கு விடை காண, பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் பழைய நெடுஞ்சாலை ஒன்றே போதும்.

அச்சாலையில் இராமநகரத்தை அடுத்து அமைந்துள்ளது ஜானபத லோகம். ஆட்சிப் பணியாளராக விளங்கிய எச். எல். நாகேகௌடா, 1979இல் தோன்றிய கர்நாடக ஜானபத பரிஷத்தின் வாயிலாக இதனை உருவாக்கினார். 1994இல் இது திறக்கப்பெற்றது. உழவுக் கருவிகள், சமையற் கலங்கள், தோற்பாவைகள், இசைக்கருவிகள் எனச் சிற்றூர் வாழ்வே அங்கு அடுக்கி வைக்கப்பட்டுள்ளது. ஒருவர் முயன்று தொகுத்திராவிடில் இவற்றுட் பல விறகாகவும் பழைய இரும்பாகவும் மறைந்திருக்கும். ஆதலின் காட்சிக்கூடத்தைப் பழிப்பது நன்றியின்மை.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகின்றது. உஸ்பெகிஸ்தானத்துத் தாஷ்கண்ட் நகரில் 1937 முதல் கைவினைக் கலைகளுக்கென ஓர் அருங்காட்சியகம் உண்டு. அந்நாட்டின் புகழ்பெற்ற 'சுசானி' பூத்தையல் துணிகள், மணமகளின் சீர்ப்பொருளாக வீட்டுப் பெண்கள் ஊசியால் இழைத்தவை. அத்தகைய பழந்துணிகளில் ஊரும் காலமும் குறிக்கப்படும். தைத்தவள் பெயர் பெரும்பாலும் தெரியாது. நம் நாட்டுக் கூடங்களிலும் நிலை இதுவே. பொருள் நிற்கின்றது, கை மறைகின்றது.

மறைந்த கைகளுக்கு நாம் செய்யக்கூடியது சிறிதே. இருக்கும் கைகளுக்கு என் செய்கின்றோம்? ஜானபத லோகத்தைக் கடந்து சில கிலோமீட்டர் சென்றால் சென்னபட்டணம். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ணமேற்றிய அரக்குக் கோலை அதன்மேல் அழுத்துவர். உராய்வின் வெம்மையில் அரக்கு உருகி மரத்தில் படியும். பின்னர்த் தாழை மடலால் தேய்க்க, பொம்மை பளபளக்கும். கூடத்தில் கட்டணம் செலுத்தி வாய்பொத்தி வியந்த நாம், இங்கே ஐந்து ரூபாய் குறைக்குமாறு வாதிடுகின்றோம். பிளாஸ்டிக் பொம்மையின் விலையைச் சான்று காட்டுகின்றோம்.

மாதச் சம்பளத்தில் வாழ்வோர்க்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்கே. வாங்க இயலாமை குற்றமன்று. உழைப்பின் மதிப்பை இழித்துக் கூறி வாங்குவதே குற்றம்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. கைவினைஞரின் மகன் கடைசலை விட்டு அலுவலகம் நாடினால், "கலை அழிகின்றதே" என்று வருந்துகின்றோம். நம் மக்களை அத்தொழிலுக்கு அனுப்ப எண்ணியதுண்டா? கலை வாழ்வதற்காகக் கலைஞன் வறுமையில் கிடக்க வேண்டும் என்று கோரும் உரிமை எவர்க்கும் இல்லை. அத்தொழில் மானத்தோடு வாழத் தகுந்த ஊதியம் தருமாயின், அவன் விரும்பி நிற்பான். தாராதாயின், விட்டுச் செல்வது அவன் உரிமை.

ஆகவே நம் கடமை எளிது. நியாயமான விலையைக் கொடுப்போம். செய்தவர் பெயரைக் கேட்டறிவோம். வாங்கிய பொம்மையைக் கண்ணாடிப் பேழையில் பூட்டாது குழந்தையின் கையில் கொடுப்போம். தேய்ந்து உடைந்தால் இன்னொன்று வாங்குவோம். காட்சிக்கூடம் பொருள்களின் இறுதிப் புகலிடமாகட்டும். முதற் புகலிடம் நம் இல்லமாக இருத்தல் வேண்டும்.